அசெம்பிள் செய்த கணினியில் பழுது எங்கே? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவைவாசி:
தங்கை கணவரின் கணினி. பத்தாம் தலைமுறை இன்டெல், 8 ஜிபி ராம் இரண்டு. அடிக்கடி நீலத்திரை வரும். ஒவ்வொரு முறையும் வேறு காரணம் காட்டும். கடையில் விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தந்தார்கள். மீண்டும் அதே கதை. அடுத்த முறை போனபோது “ராம் போய்விட்டது, இரண்டையும் மாற்றுங்கள்” என்றார்கள். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தது.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து ஓட்டினேன். பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள் கொட்டின. கடைக்காரர் சொன்னது சரி என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் ஒவ்வொரு ராமையும் தனியாக, பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போட்டபோது இரண்டுமே பிழையில்லாமல் தேறின. நான்காவது ஸ்லாட்டில் போட்டால் இரண்டுமே பிழை காட்டின. அந்த நேரம் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. நல்ல ராம் இரண்டைக் குப்பையில் போடச் சொல்லியிருக்கிறார்கள்!

கூலரைக் கழற்றப் போனபோது ஒரு மூலைத் திருகு மட்டும் மிக இறுக்கமாகவும் எதிர் மூலை தளர்வாகவும் இருந்தன. சாக்கெட்டில் எந்தப் பின்னும் வளைந்திருக்கவில்லை. பிராசசரைத் திரும்ப வைத்து, குறுக்கு மூலைகளாக மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினேன். நான்காவது ஸ்லாட் சரியாகிவிட்டது. ராமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. அழுத்தம் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு சேனல், அதாவது ராமுக்குப் போகும் பாதைகளில் ஒன்று, முழுவதும் தடுமாறும். இப்படி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

பல்லாவரம்72:
கோவைவாசி அவர்களே, உங்களுக்கு அது ஸ்லாட்டில் போய் முடிந்தது. ஆனால் நான் எப்போதும் முதலில் கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் பார்ப்பேன். மின்சாரம் சரியில்லாவிட்டால் ராம் சோதனையையே நம்ப முடியாது.

பக்கத்து வீட்டுத் தம்பியின் கணினி விளையாட்டைத் திறந்தால் மட்டும் அணைந்து திரும்ப எழும். விண்டோஸ் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவு. அதைப் பார்த்துவிட்டுப் பலரும் “பவர் என்று விண்டோஸே சொல்கிறதே” என்பார்கள். முறையாக மூடப்படாமல் கணினி நின்றது என்பதற்கு மேல் அந்த 41 எதையும் சொல்வதில்லை. ரிச்சி தெருவில் ஒரு கடையில் 24 பின் இணைப்பின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்து, மதர்போர்டு இல்லாமலே எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்பி, அதன் விசிறி சுற்றியதைக் காட்டி, “எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது, கிராபிக்ஸ் கார்டுதான் பழுது” என்று அனுப்பிவிட்டார்கள். கிராபிக்ஸ் கார்டு என்ன விலை விற்கிறது என்று யோசித்துப் பாருங்கள்!

12 வோல்ட் வரும் மஞ்சள் வயரில் மல்டிமீட்டரை வைத்தேன். சும்மா இருக்கும்போது 12.1 வோல்ட். தம்பி விளையாட்டைத் திறந்தான். 11.7, 11.5, 11.2, திரை கறுத்துவிட்டது. விதிப்படி 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. அந்தப் பையன் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். விசிறி சுற்றுவதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நற்சான்று தருவதைக் கடைகள் நிறுத்த வேண்டும்.

காவிரிக்கரை:
பல்லாவரம் அண்ணா, உங்களுக்கு மீட்டரில் தெரிந்தது. எல்லாருக்கும் தெரியாது. இன்றைய கிராபிக்ஸ் கார்டுகள் மில்லி நொடிக் கணக்கில் திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும்; சாதாரண மீட்டர் நொடிக்குச் சில முறைதான் எண்ணை மாற்றிக் காட்டும். மீட்டர் 12 காட்டியது என்பதற்காக எஸ்எம்பிஎஸ்ஸை விடுவித்துவிடாதீர்கள். நல்லது என்று தெரிந்த இன்னொன்றை மாட்டிப் பார்ப்பதே உறுதியான வழி.

என் அனுபவம் சிறியது. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது கணினி அணையும், மின்விசிறியோ விளக்கோ அணையாது. ஏடிஎக்ஸ் (மேசைக் கணினிகளுக்கான பொது அளவு) எஸ்எம்பிஎஸ் மின்சாரம் நின்ற பிறகு ஏறக்குறைய 16 மில்லி நொடிதான் தாங்க வேண்டும் என்பது விதி. நம் மின்சாரத்தின் ஒரு சுற்றுக்கே 20 மில்லி நொடி ஆகிறது. இன்வெர்ட்டரின் பின்பக்கச் சுவிட்ச் சாதாரண முறையில் இருந்தது. யுபிஎஸ் முறைக்குத் தள்ளியதும் பிரச்சினை தீர்ந்தது. அந்தச் சுவிட்ச் இருப்பதே வீட்டில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இத்துடன் எல்லாரும் ஒன்றைச் செய்யுங்கள். டெஸ்டரைக் கேபினெட்டின் உலோகத்தில் வைத்துப் பாருங்கள். எரிந்தால் உங்கள் வீட்டில் எர்த் இல்லை, அல்லது செத்துவிட்டது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குச் சிறு கெபாசிட்டர்கள் போகின்றன. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் 230-இல் பாதி, சுமார் 115 வோல்ட், பாடியில் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று மட்டும் இருக்கும். அதோடு யுஎஸ்பி கேபிள், எச்டிஎம்ஐ கேபிள் வழியாக மற்றக் கருவிகளுக்கும் போகும். மூன்று பின் பிளக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லாத வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எலக்ட்ரீஷியனை அழைத்து, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வருகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்குள் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழி என்றால் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். யாரும் ஊற்றுவதில்லை.

வைகைநதி:
எர்த் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே பேசுவது பாகத்தின் பழுதைக் கண்டுபிடிப்பது பற்றி. கணினி ஓடவில்லை என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் எர்த் பாடம் நடத்தினால், கேட்டவர் கேட்டதை மறந்துவிடுவார்.

என் மகள் சேர்த்து வைத்த பணத்தில் ரைசன் 7000 வரிசைக் கணினி வாங்கினோம். பாகங்களை வீட்டில் அவளே பூட்டினாள். சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு, மதர்போர்டில் டிராம் (ராமைக் குறிக்கும் சொல்) என்று எழுதிய இடத்தில் விளக்கு எரிகிறது. கடைக்குத் தொலைபேசியில் கேட்டோம். “மதர்போர்டு செத்துவிட்டது, எடுத்து வாருங்கள்” என்றார்கள். அவள் அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கையேட்டைப் படித்துவிட்டு அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். டிடிஆர்5 ராம் உள்ள கணினி முதன்முறை எழும்போது ராமோடு பேசும் நேரக்கணக்கையும் மின்னழுத்தத்தையும் பலமுறை சோதித்துப் பழகிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். இடையில் அணைத்தால் முதலிலிருந்து தொடங்கும். இருவரும் பேசாமல் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். அணைந்தது. விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் திரை வந்தது. அவள் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

பொறுத்திருங்கள் என்ற ஒரு சொல்லைக் கடைக்காரர் சொல்லியிருக்கலாமே என்று இன்றும் எரிச்சல் வருகிறது.

தாமிரபரணி:
சுருக்கமாக ஒன்று. “ஹார்ட் டிஸ்க் போய்விட்டது” என்று யாராவது சொன்னால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்து 5, 197, 199 என்ற எண்ணுள்ள மூன்று வரிகளையும் பாருங்கள். முதல் இரண்டும் டிஸ்கில் கெட்டுப்போன அல்லது சந்தேகத்துக்குரிய இடங்களையும், 199 கேபிள் வழியாகத் தரவு போகும்போது நேர்ந்த பிழைகளையும் எண்ணும். 5-உம் 197-உம் பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறினால் முதலில் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். எங்கள் அலுவலக நண்பர் ஒருவர் நல்ல டிஸ்கைத் தூக்கிப் போட இருந்தார். பழைய கேபிளில் இருந்த மடிப்பை விரலால் தொட்டே உணர முடிந்தது.

ராமின் முனைகளைச் சுத்தம் செய்ய அழிப்பானால் தேய்க்கச் சொல்ல யாரும் வருவதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். தங்கப் பூச்சு மிக மெல்லியது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும்.

பொருநை மைந்தன்:
தாமிரபரணி ஐயா, ஆல்கஹால் எல்லா ஊரிலும் உடனே கிடைக்காது. மெதுவாக ஓரிரு முறை தேய்த்துத் துகளைத் துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. ஊரில் பாதி கணினிகள் அப்படித்தான் உயிர் பெற்றன.

மெரினாக்காற்று:
அழிப்பான் சண்டையை விடுங்கள். நான் பார்த்தது இதைவிடக் கொடுமை.

அத்தையின் கணினியில் எஸ்எம்பிஎஸ் பழுது. சரிபார்க்க வந்தவர் புதிதாக வேறு நிறுவனத்தின் மாடுலர் எஸ்எம்பிஎஸ், அதாவது கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது, வைத்தார். உள்ளே கட்டியிருந்த பழைய கேபிள்களைக் கழற்ற மனமில்லாமல், அவற்றையே புதியதில் செருகிவிட்டார். செருகவும் முடிந்தது! மின்சாரக் கேபிளில் டிஸ்க் பக்கம் உள்ள சாட்டா முனைக்கு ஒரே விதி. எஸ்எம்பிஎஸ் பக்கம் உள்ள முனைக்கு விதியே கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும், சில சமயம் ஒரே நிறுவனத்தின் ஒவ்வொரு மாடலும், தன் விருப்பப்படி பின்களை அமைக்கிறது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனது. சுவிட்சைப் போட்டதும் நெடி. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், மாமா இருந்தபோது எடுத்த படங்கள் அத்தனையும் அவற்றில்தான். அத்தை ஒன்றும் பேசவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “டிஸ்க் பழசு, அதனால் போயிற்று” என்று அந்த ஆள் சொன்னதை நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது.

தரவு மீட்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். டிஸ்கின் பச்சைப் பலகையில் மின்சாரம் நுழையும் இடத்தில் டிவிஎஸ் டயோடு என்று ஒரு சிறு பாகம் உண்டு. அழுத்தம் மீறினால் தானே ஷார்ட்டாகி மற்றதைக் காப்பாற்றும். ஒரு டிஸ்கில் அது மட்டுமே போயிருந்தது. அதை எடுத்துவிட்டுச் சரியான மின்சாரம் கொடுத்தார், டிஸ்க் சுற்றியது, படங்களை வேறு டிஸ்கில் பிரதி எடுத்தோம். மற்றொன்றில் மோட்டாரை இயக்கும் சில்லும் எரிந்திருந்தது. அதற்கு அவர் இன்னும் பலகை தேடிக்கொண்டிருக்கிறார்.

மாடுலர் எஸ்எம்பிஎஸ் மாற்றப் போகிறவர்கள் பழைய கேபிள் ஒன்றைக்கூட உள்ளே விடாதீர்கள். பழையதை விற்கிறவர்கள் அதன் கேபிள்களையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.