1960-களில் பஃப் கை இருந்ததா?

ஊசிமுனை:
நேற்று ஒரு அலங்காரப் பக்கத்தில் '1960-களின் தமிழ்ப் பெண் தோற்றம்' என்று ஒரு படம் போட்டிருந்தார்கள். புள்ளிச் சேலை, வால் நீட்டிய கண் மை, உப்பிய கொண்டை. அதுவரை சரி. ரவிக்கைக்கு மட்டும் தோளில் பூசணிக்காயைக் கட்டியது போல ஒரு பஃப் கை! கீழே நூறு பேர் 'அப்படியே எங்கள் பாட்டி' என்று உருகியிருக்கிறார்கள். கும்பகோணத்தில் 32 வருடமாக ரவிக்கை தைக்கிறேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மாஸ்டர் 1958-ல் மிஷினில் உட்கார்ந்தவர். 1960-கள் முழுக்க அவர் தைத்தது கையைக் கவ்விப் பிடிக்கிற ரவிக்கைதான். கை தூக்கினால் அக்குளில் தையல் விட்டுவிடும், அத்தனை இறுக்கம். பஃப் கை அதற்கு முந்திய காலத்துச் சரக்கு. 1960-களில் பஃப் கை கிடையாது. தெரியாதவர்கள் தெரியாதது போல இருக்கலாமே?

தாழம்பூ:
அக்கா, 'கிடையாது' என்று அடித்துச் சொல்கிறீர்களே. என் ஆச்சியின் படம் இப்போது என் மேசையில் இருக்கிறது. பாளையங்கோட்டை ஸ்டுடியோவில் எடுத்தது. பின்பக்கம் முத்திரை, அதன் கீழே ஊற்றுப் பேனாவில் 14.1.64 என்று தாத்தாவின் கையெழுத்து. ஆச்சி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு தோளிலும் ரவிக்கை உப்பித்தான் நிற்கிறது. என் கண்ணை நம்புவதா, உங்கள் மாஸ்டரை நம்புவதா?

ஊசிமுனை:
கண்ணை நம்புங்கள், ஆனால் தையல் தெரிந்த கண்ணாக இருக்க வேண்டும். எந்தக் கையையும் கைக்குழியில் வைத்துத் தைக்கும்போது உச்சியில் கொஞ்சம் சுருக்கு விழும். வெட்டு சரியில்லையென்றால் மேலே புடைக்கும். துணி டூ பை டூ என்கிற பருத்தி ரவிக்கைத் துணியாக இருந்து கஞ்சியும் போட்டால் விறைத்து நிற்கும். அது பஃப் ஆகிவிடாது. உங்கள் ஆச்சியின் கையில் இருப்பது சுருக்கு. 1960-களில் பஃப் கை கிடையாது.

மாடவீதி:
இருவரும் தவறான காலத்தில் நின்றுகொண்டு சண்டை போடுகிறீர்கள். பஃப் கை அலை அலையாக வருவது. மேல்நாட்டில் 1890-களில் ஆட்டுத்தொடை போன்ற கை பேயாக ஆட்டிவைத்தது. 1930-களில் மறுபடி வந்தது. 1942-ல் அமெரிக்க அரசு போர்க்காலத்துக்காக எல்-85 என்ற ஆணை போட்டு, துணியை விழுங்கும் பலூன் கைகளையே தடை செய்தது. பிறகு 1981 ஜூலை 29-ல் டயானாவின் திருமணம். தந்த நிறப் பட்டு, இரண்டு பக்கமும் மலை போன்ற கை, பின்னால் 25 அடி நீளத்துக்கு இழுத்துச் சென்ற துணி. இன்று ரெட்ரோ என்று தைத்துக்கொள்கிறீர்களே, அது 1980-களின் கை. பாட்டியின் கை இல்லை, அம்மாவின் கை.

ஊசிமுனை:
சார், லண்டன் கல்யாணத்துக்கும் கும்பகோணத்து ரவிக்கைக்கும் என்ன உறவு? 1980-களில் பஃப் கை வந்தது எனக்கும் தெரியும், சிறுமியாக நானே போட்டிருக்கிறேன். கேள்வி 1960-களைப் பற்றியது. உங்களிடம் பஸ் எப்போது வரும் என்று கேட்டால் ரயில் அட்டவணையை நீட்டுவீர்கள் போலிருக்கிறது.

மாடவீதி:
ஆண்டு, தேதியோடு சொன்னால் அட்டவணையாகிவிடும், 'என் மாஸ்டர் சொன்னார்' என்றால் வரலாறாகிவிடுமா? உங்கள் 'முந்திய காலம்' எது? 1940-களா? 1943-ல் இந்தியாவிலும் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. துணி கிடைக்காமல் மக்கள் அல்லாடிய நாளில் கைக்கு மட்டும் அரை கெஜம் அதிகம் வெட்டினார்களா?

ஊசிமுனை:
அரை கெஜமா? இதிலிருந்தே நீங்கள் கத்தரிக்கோல் பிடித்ததில்லை என்று தெரிகிறது. குட்டைக் கைக்கு உச்சியில் இரண்டு அங்குலம் உயர்த்தி, அகலத்தில் மூன்று அங்குலம் கூட்டினால் போதும். முதுகு வெட்டிய மிச்சத்திலேயே வந்துவிடும். ரவிக்கை தைக்கிற வீட்டில் துண்டுத் துணிக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

பனங்கீற்று:
நான் ரொறன்ரோவில் இருக்கிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். எங்கள் பக்கத்தில் இதைச் சட்டை என்போம். 1960-களில் அம்மம்மா வீட்டிலேயே தைத்தவர். பெரிய பெண்களுக்கு இறுக்கமான கை, சின்னப் பிள்ளைகளின் சட்டைகளுக்குப் பஃப் கை. ஆகவே 'கிடையாது' என்பது பிழை.

ஊசிமுனை:
குழந்தைகளின் கவுனை யார் கேட்டது? ரவிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். சட்டை என்றால் ஆண்கள் போடுவது.

பனங்கீற்று:
உங்கள் ஊரில் ஆண்கள் போடுவது. எங்கள் ஊரில் அம்மம்மாவும் சட்டைதான் போட்டா. தமிழ் காவிரிக்கரையோடு முடிந்துவிடுவதில்லை. தவிர, உங்கள் ஊரிலேயே பாதிப் பேர் இதை ஜாக்கெட் என்கிறார்கள். அதைக் கேட்டு இங்கே எங்கள் பிள்ளைகள் குளிர்கால மேலங்கியை நினைக்கிறார்கள். முதலில் அதைத் திருத்துங்கள்.

மாடவீதி:
ரவிக்கைதான் சரியான சொல். ஜாக்கெட், பிளவுஸ் இரண்டும் இரவல்.

தாழம்பூ:
இரவல் சொல்லென்று பார்த்தால் பஃப் கை என்றே எழுத முடியாது. தயவுசெய்து ஆச்சியின் படத்துக்கு வாருங்கள். 1964. எழுதியே இருக்கிறது.

கட்டுமுடிச்சு:
எல்லோரும் கையையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அந்தப் படத்தில் இருந்த புள்ளிச் சேலையை ஊசிமுனை 'சரி' என்று விட்டுவிட்டாரே, அதை யாரும் கேட்கவில்லையே? ஆலையில் அச்சடித்த போல்கா புள்ளியை எடுத்துவந்து தமிழ்நாட்டுப் பழமை என்கிறார்கள். நம்மூர்ப் புள்ளிச் சேலை மதுரைச் சுங்குடி. சௌராஷ்டிரப் பெண்கள் துணியை நகத்தால் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் தோய்த்து எடுப்பது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. அவிழ்த்துப் பார்த்தால் எந்தப் புள்ளியும் காசு மாதிரி வட்டமாக இருக்காது, ஒவ்வொன்றும் கொஞ்சம் கோணியிருக்கும். போன மாதம் இதே ஊசிமுனைதான் 'அச்சுச் சுங்குடியும் சுங்குடிதான்' என்று எழுதினார். நான் மறக்கவில்லை.

ஊசிமுனை:
மறக்க வேண்டாம். இன்றும் அதையே சொல்கிறேன். வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அச்சுச் சேலைதான் கொண்டுவருகிறார்கள், சுங்குடி என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு ஏற்ற துணியைத் தேடி நான் ரவிக்கை தைக்கிறேன். வாடிக்கையாளரிடம் புவிசார் குறியீட்டுப் பாடம் நடத்தச் சொல்கிறீர்களா?

கட்டுமுடிச்சு:
கைக்கு மட்டும் வருடக் கணக்குப் பார்ப்பீர்கள், சேலைக்கு 'எல்லாம் ஒன்றுதான்' என்பீர்கள். இது என்ன நியாயம்?

ஊசிமுனை:
நியாயம் பிறகு. தாழம்பூ, ஒரு கேள்வி. ஆச்சிக்குக் கல்யாணம் எந்த வருடம்?

தாழம்பூ:
1951. ஏன்?

ஊசிமுனை:
அவ்வளவுதான், முடிந்தது. படம்தான் 1964, ரவிக்கை 1951. கல்யாணத்துக்குத் தைத்த நல்ல ரவிக்கையைப் பெட்டியில் வைத்து, விசேஷத்துக்கும் ஸ்டுடியோவுக்கும் மட்டும் எடுத்துப் போடுவது அந்தக் காலத்து வழக்கம். படத்தின் தேதி ரவிக்கையின் தேதி ஆகாது. 1960-களில் பஃப் கை கிடையாது.

தாழம்பூ:
காலையில் அது பஃப் கையே இல்லை, வெறும் சுருக்கு என்றீர்கள். இப்போது பஃப் கைதான், ஆனால் 1951 என்கிறீர்கள். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள் அக்கா. ஆச்சி அதற்குள் நான்கு பிள்ளை பெற்றுவிட்டாள். கல்யாண ரவிக்கை எப்படி ஏறும்?

ஊசிமுனை:
ஏறும். பழைய ரவிக்கையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? விலாப் பக்கம் இரண்டு அங்குலத் துணியை மடித்து விட்டிருப்பார்கள். அதில் கால் அங்குல இடைவெளியில் மூன்று வரித் தையல் ஓடும். உடம்பு பெருக்கப் பெருக்க உள் வரியை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வருவார்கள். ஒரு ரவிக்கை பதினைந்து வருடம் வரும். இன்று தைத்து வாங்குகிறவர்கள் அடுத்த தீபாவளிக்கே தூக்கிப் போடுகிறார்கள், அதனால் இது யாருக்கும் தெரிவதில்லை.

மாடவீதி:
இது ஊகம். 'பிரித்திருப்பார்கள்' என்பது சான்று இல்லை.

தாழம்பூ:
ஊகத்துக்கு வேலை இல்லை. ரவிக்கை அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அரை மணி நேரத்தில் வருகிறேன்.

தாழம்பூ:
எடுத்துவிட்டேன். மாம்பழ நிறம், கை ஓரத்தில் சாட்டின் ரிப்பன் வைத்துத் தைத்தது. அந்துருண்டை வாசம் மூக்கைத் துளைக்கிறது. அக்குளில் வேர்வை பட்ட இடம் மட்டும் பழுப்பு. கொக்கிகள் துருப்பிடித்து, துணியில் சின்னச் சின்ன செம்பொட்டு. கை உச்சியில் சுருக்கு வரிசையாக இருக்கிறது. படத்தில் இருப்பது இதேதான். பஃப் கை, அக்கா. பஃப் கை.

ஊசிமுனை:
உள்பக்கம்?

தாழம்பூ:
விலாவில் ஒரு தையல் ஓடுகிறது. அதற்கு உள்ளே இரண்டு வரியாக ஊசித் துளைகள் தெரிகின்றன. நூல் இல்லை.

ஊசிமுனை:
நான் சொன்னேனா இல்லையா! இரண்டு முறை பிரித்திருக்கிறார்கள். 1951 ரவிக்கைதான்.

தாழம்பூ:
1960-ல் தைத்து, 1964-க்குள் இரண்டு முறை பிரித்திருக்கக் கூடாதா? அந்த நான்கு வருடத்தில்தான் என் சித்தியும் மாமாவும் பிறந்தார்கள். துளையில் வருடம் எழுதியிருக்கிறதா?

பனங்கீற்று:
சரியான கேள்வி. அத்துடன், சின்னப் பிள்ளைகளின் சட்டைகளுக்கு இன்னும் பதில் வரவில்லை.

மாடவீதி:
சாட்டின் ரிப்பனைப் பார்த்தால் எனக்கு...

ஊசிமுனை:
சார், நீங்கள் ரிப்பனைத் தொட வேண்டாம். தாழம்பூ, கைக்குழித் தையலை ஓர் அங்குலம் பிரித்து, கையைத் தட்டையாக விரித்து உச்சியின் உயரத்தை அளந்து சொல்லுங்கள். சாதாரணக் கையைவிட ஒன்றரை அங்குலத்துக்குக் குறைவாக ஏறியிருந்தால் அது பஃப் இல்லை.

தாழம்பூ:
இதுவரை இந்த ஒன்றரை அங்குலக் கணக்கை எங்கே வைத்திருந்தீர்கள்? ஆச்சியின் ரவிக்கையை நான் பிரிக்க மாட்டேன். ஒரு தையல்கூட.

ஊசிமுனை:
பிரிக்காமல் தெரியாது. கும்பகோணத்துக்குக் கொண்டுவாருங்கள், நானே பிரித்து, அளந்து, அதே துளையில் கைத்தையல் போட்டுத் தருகிறேன். கூலி வேண்டாம். அதுவரை என் பேச்சில் மாற்றமில்லை, 1960-களில் பஃப் கை கிடையாது.

தாழம்பூ:
என் கையில் இருக்கிறது அக்கா. இப்போது, இந்த நிமிடம், என் கையில் இருக்கிறது.

கட்டுமுடிச்சு:
சுங்குடிக்கு யாராவது பதில் சொல்வீர்களா?