‘மருந்து எதிர்ப்பு’க்கு மாற்றுச் சொல்

கோவையிலிருந்து:
வணக்கம்ங்க. மும்மறை மார்பகப் புற்று பற்றிய நோயாளிக் கையேட்டில், புற்றுச் செல்களிடம் மருந்து பலிக்காமல் போவதைக் குறிக்கும் ‘மருந்து எதிர்ப்பு’ என்பதை மாற்றியாக வேண்டும். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, மிகையான ஹெர்2 புரதம் மூன்றும் இல்லாத வகைக்கு ‘மும்மறை’ என்று முன்பே முடிவு செய்தோம்.) ‘எதிர்ப்பு வந்துவிட்டது’ என்றால் கோபி, தாராபுரம் பக்கம் ‘எதிர்ப்புச் சக்தி வந்திருக்குதுங்களா, நல்லதுதானுங்களே’ என்றுதான் கொள்வார்கள். ‘காய்ச்சல் மருந்துக்குக் கேக்கல’ என்கிறோமே, ‘கேளாமை’ என்று வைக்கலாமா?

ஈரோட்டிலிருந்து:
ஐயா, கேளாமை என்றால் காதுக் குறைதான் நினைவுக்கு வரும். அதைவிட, செல் சும்மா கிடப்பதுபோலப் பொருள்படுவது பெரிய குறை. செல் மும்முரமாக வேலை செய்கிறது. செல்லின் உறையில் உள்ள பி-கிளைக்கோபுரதம் என்ற இறைப்பான், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து, பாக்ளிடாக்சல், டாக்சோரூபிசின் ஆகிய புற்று மருந்துகளை வெளியே இறைத்துவிடுகிறது. கார்போபிளாட்டின் என்ற மருந்தை அது இறைப்பதில்லை. அங்கே வழி வேறு. டிஎன்ஏ பழுதை நீக்க உதவும் பிஆர்சிஏ1 மரபணு கெட்டுப்போன செல்லால் டிஎன்ஏவின் ஈரிழை முறிவைச் சரியாக ஒட்ட முடியாது, அதனால்தான் கார்போபிளாட்டினும் ஓலாபாரிப் என்ற மருந்தும் வேலை செய்கின்றன. மரபணுவின் எழுத்துகளைச் செல் மும்மூன்றாக வாசிக்கிறது, அந்த அடுக்குதான் வாசிப்புச் சட்டகம். 2 எழுத்து விடுபட்டு அது குலைந்த பிஆர்சிஏ1 மரபணுவில், பக்கத்திலேயே இன்னோர் எழுத்தும் விடுபட்டால் மொத்தம் 3 ஆகி, சட்டகம் மறுபடி பொருந்திவிடலாம். புரதம் திரும்ப உருவானால் பழுது நீக்கமும் திரும்பும். இரண்டு மருந்துமே பயனிழக்கும். இதற்கு ‘மீள்பிறழ்வு’ என்பேன். பொதுச்சொல்லாக ‘மசியாமை’. ‘எதுக்கும் மசியமாட்டான்’ என்பதில் பிடிவாதமும் இருக்கிறது.

கோவையிலிருந்து:
மசியாமை சரிங்க. அப்படியானால் ‘தாக்குப்பிடிப்பு’ என்று பழைய வரைவில் இருப்பதை எடுத்துவிடலாமா?

ஈரோட்டிலிருந்து:
எடுக்க வேண்டாம், அது வேறு நிலை. மரபணு மாற்றமே இல்லாமல், பிரிவதைக் குறைத்துக்கொண்டு மருந்துக் காலத்தைக் கடத்தும் செல்கள் உண்டு. மருந்தை நிறுத்திச் சில காலம் விட்டால் அவை பழையபடி மருந்துக்குப் பணியும். மீள்பிறழ்வு அடைந்தவை அப்படித் திரும்புவதில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், அதே மருந்தை மறுபடி கொடுத்துப் பார்ப்பது எங்கே பொருந்தும், எங்கே வீண் என்பதை விளக்கவே முடியாது. முன்னதற்குத் ‘தாக்குப்பிடிப்பு’, பின்னதற்கு ‘ஈட்டிய மசியாமை’, முதல் சுற்றிலிருந்தே கட்டி சுருங்காததற்குத் ‘தொடக்க மசியாமை’.

இன்னொன்று: எழுவாய் எப்போதும் புற்றுச் செல்லாகவே இருக்கட்டும். ‘நோயாளி மருந்துக்கு மசியவில்லை’ என்று ஓரிடத்தில்கூட வரக்கூடாது. பழி அந்த அம்மா மேல் விழும். வரைவில் 4ஆம் பக்கத்தை இப்படித் திருத்துங்கள்: ‘புற்றுச் செல்கள் இந்த மருந்துக்கு மசியவில்லை, வேறு மருந்து பார்க்கிறோம்.’