தேசிய கீதத்தின்போது மண்டியிடுவது நாட்டை அவமதிப்பதா? மகளுக்கு என்ன சொல்வது?

அட்லாண்டா அப்பா:

நாங்கள் அட்லாண்டா பக்கம் இருக்கிறோம், குடியுரிமை வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. மகள் அரசுப் பள்ளியில் பெண்கள் சாக்கர் அணியில் ஆடுகிறாள். அடுத்த மேட்சில் தேசிய கீதம் ஒலிக்கும்போது அவளும் கூட ஆடும் சில பெண்களும் மண்டியிடப் போகிறார்களாம். ஏன் என்று கேட்டால், கீதத்தின்போது மண்டியிட்ட அமெரிக்க ஃபுட்பால் வீரர் கேப்பர்னிக், சாக்கர் வீராங்கனை மேகன் ரப்பினோ, போலீஸ் கையில் உயிரிழந்த கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்று வரிசையாகச் சொல்கிறாள். படித்துவிட்டுத்தான் பேசுகிறாள், யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை.

எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த நாட்டுக் கொடிக்கு முன் வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தவன் நான். வேலை, வீடு, பிள்ளைகளுக்குப் படிப்பு எல்லாம் கொடுத்த நாடு. அந்த இரண்டு நிமிடம் நின்றால் என்ன குறைந்துவிடும்? எதிர்ப்பைக் காட்ட வேறு இடமா இல்லை? அப்புறம் இன்னொரு பயமும் இருக்கிறது. வெள்ளைக்காரப் பிள்ளை மண்டியிட்டால் முகம் சுளிப்பதோடு விட்டுவிடுவார்கள், நம் நிறத்துப் பிள்ளை செய்தால் "பிடிக்காவிட்டால் உன் ஊருக்குப் போ" என்பார்கள். அவள் பிறந்த ஊரே இதுதான்.

தடுக்கலாமா, விடலாமா? பள்ளி நடவடிக்கை எடுக்க முடியுமா? யோசித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், கட்சிச் சண்டை வேண்டாம்.

சான்ஹோசே சித்ரா:

அண்ணா, கேப்பர்னிக் முதலில் மண்டியிடவே இல்லை, அந்தக் கதையிலிருந்து தொடங்கினால்தான் இது புரியும். 2016 ஜூலையில் லூசியானாவில் ஆல்டன் ஸ்டெர்லிங், மறுநாளே மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல், இரண்டு கறுப்பினத்தவர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது, இரண்டும் வீடியோவாக நாடு முழுக்கப் பரவியது. அடுத்த மாதம் சான்ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்கான கேப்பர்னிக், சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் கீதம் ஒலித்தபோது பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ஆரம்பத்தில் யார் கண்ணிலும் படவில்லை. கிரீன் பே அணியுடனான ஆட்டத்தில்தான் செய்தியாளர்கள் கவனித்துக் கேட்டார்கள். கறுப்பின மக்களை ஒடுக்கும் நாட்டின் கொடிக்கு எழுந்து நின்று பெருமைப்பட என்னால் முடியாது என்று நேராகவே சொன்னார்.

ராணுவச் சிறப்புப் படையில் இருந்துவிட்டு ஃபுட்பாலுக்கு வந்த நேட் பாயர் அதைப் பார்த்து மனம் வருந்தி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். வசை எதுவும் இல்லாமல், எனக்கு ஏன் வலிக்கிறது, உங்களுக்கு ஏன் வலிக்கிறது என்று சொல்லுங்கள் என்கிற தொனியில் இருந்த கடிதம் அது. கேப்பர்னிக் அவரை அழைத்துப் பேசினார். உட்கார வேண்டாம், மண்டியிடுங்கள், இறந்துபோன தோழனின் கல்லறை முன் படைவீரர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று யோசனை சொன்னவர் பாயர்தான்! செப்டம்பர் 1, 2016 அன்று சான் டியேகோவில் கேப்பர்னிக்கும் அணித் தோழர் எரிக் ரீடும் மண்டியிட்டார்கள். பாயர் பக்கத்திலேயே நெஞ்சில் கை வைத்து நின்றார். அந்தப் படத்தை உங்கள் மகளோடு உட்கார்ந்து பாருங்கள். அதில் யார் தேசபக்தர், யார் துரோகி என்று பிரிக்க எனக்கு வரவில்லை.

ஆனால் விலை கொடுத்துத்தான் செய்தார் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். 2017 மார்ச்சில் ஒப்பந்தத்திலிருந்து விலகியவரை அதன்பிறகு எந்த அணியும் எடுக்கவில்லை, அப்போது அவருக்கு வயது 29. 2020-இல் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகு, வீரர்கள் சொன்னதை நாங்கள் முன்பே கேட்காதது தவறு என்று ஃபுட்பால் லீகின் தலைவர் குடெல் ஒப்புக்கொண்டார், அதில்கூட கேப்பர்னிக் பெயர் வரவில்லை.

சிப்பாயின் அம்மா:

என் மகன் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறான். படைவீரரை அடக்கம் செய்யும்போது சவப்பெட்டி மேல் போர்த்திய கொடியை முக்கோணமாக மடித்து, மண்டியிட்டு, தாயிடமோ மனைவியிடமோ கொடுப்பார்கள். என் மகனோடு இருந்த ஒரு பையனின் அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்கு அரசாங்கமோ போலீஸோ ஞாபகம் வராது, அந்தத் தாயின் மடியில் இருந்த கொடிதான் வரும். கல்லறை முன் மண்டியிடுவது மரியாதை என்று சித்ரா சொல்வது சரி, ஆனால் எல்லோரும் நிற்கும் இடத்தில் ஒருவர் மட்டும் மண்டியிட்டால் அது எனக்கு நான் உங்களோடு இல்லை என்று சொல்வதாகத்தான் படுகிறது. செய்கிறவர் மனதில் என்ன இருக்கிறது என்பது பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

போலீஸ் அநியாயம் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் நடந்த ஊர்வலத்தில் நானும் நடந்தேன். ஆனால் கட்சி, நிறம், மதம் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு எல்லோரும் ஒன்றாக நிற்கிற நேரம் இந்த நாட்டில் வேறு எது மிச்சம் இருக்கிறது? இன்று ஒருவர் போலீஸை எதிர்த்து மண்டியிட்டால் நாளைக்கு இன்னொருவர் கருக்கலைப்புக்காக, அடுத்த நாள் துப்பாக்கிச் சட்டத்துக்காக. அப்புறம் பொதுவாக எதுவுமே இருக்காது.

2017 செப்டம்பரில் டிரம்ப், மண்டியிடும் வீரர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டிய வாரத்தில், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி சிகாகோவில் கீதம் முடியும்வரை மைதானத்துக்கே வருவதில்லை என்று முடிவு செய்தது. ஆப்கானிஸ்தானில் போரிட்டுத் திரும்பிய வில்லனுவேவா மட்டும் சுரங்கப் பாதையின் வாசலில் நெஞ்சில் கை வைத்துத் தனியாக நின்றார். அன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. மகளைத் தடுங்கள் என்று சொல்ல நான் யார், ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் நிற்கச் சொல்வேன்.

வக்கீல் நெல்லை:

சட்டக் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். அரசுப் பள்ளி என்பதால் உங்கள் மகள் பக்கம் வலுவான தீர்ப்பு இருக்கிறது. 1940-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கொடி வணக்கம் செய்யும்படி பள்ளி மாணவர்களைக் கட்டாயப்படுத்தலாம் என்று 8-1 என்று தீர்ப்பளித்தது. கொடியை வணங்குவது தங்கள் மத நம்பிக்கைக்கு எதிரானது என்று மறுத்த யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவ சபைப் பிள்ளைகளின் வழக்கு அது. அதன்பிறகு அந்தச் சபையினரைக் கும்பல்கள் பல ஊர்களில் அடித்து விரட்டின. மூன்றே வருடத்தில், 1943-இல், வெஸ்ட் வர்ஜீனியா பார்னெட் வழக்கில் அதே நீதிமன்றம் 6-3 என்று தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் என்பதை நினைத்துப் பாருங்கள், லட்சக்கணக்கான பிள்ளைகள் போர்முனையில் இருந்தபோதுதான் கொடிக்கு வணங்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்றார்கள். விளையாட்டு மைதானத்திலும் இது பொருந்தும் என்ற வாதத்தை 2017-இல் கலிபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்று, மண்டியிட்ட மாணவன் ஒருவனுக்குச் சாதகமாகப் பள்ளி நிர்வாகத்துக்குத் தடை விதித்தது. கேப்பர்னிக்குக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காததற்குக் காரணம், அவருக்கு முதலாளி அரசு இல்லை, தனியார் அணி.

நம் ஊரிலும் இதே கேள்வி வந்திருக்கிறது. 1985-இல் கேரளத்தில் இதே சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், ஜன கண மன பாடும்போது எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986-இல் நம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார், பார்னெட் தீர்ப்பையும் அதில் எடுத்துக்காட்டினார். அந்தப் பிள்ளைகள் மரியாதையாக நின்றார்கள் என்பது தீர்ப்பில் முக்கியமான விஷயம், அதனால் இந்தியாவில் மண்டியிட்டால் இதே முடிவு வரும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2016 நவம்பரில் தியேட்டரில் படத்துக்கு முன் தேசிய கீதம் கட்டாயம் என்று உத்தரவு வந்ததும், எழுந்திருக்காதவர்களைப் பக்கத்து சீட்டுக்காரர்கள் அடித்ததும், 2018 ஜனவரியில் அதே நீதிமன்றம் கட்டாயமில்லை என்று மாற்றியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த உத்தரவு வரும் முன்பே, சக்கர நாற்காலியில் இருந்த ஒருவருக்கே அடி விழுந்தது. தேசபக்தியை அளக்கும் வேலையைக் கூட்டத்திடம் கொடுத்தால் அங்கேதான் போய் நிற்கும்.

பழைய ஒலிம்பிக் ரசிகன்:

கேப்பர்னிக்கிலிருந்து தொடங்காதீர்கள், 1968 மெக்சிகோவுக்குப் போங்கள். 200 மீட்டரில் டாமி ஸ்மித் 19.83 வினாடியில் உலக சாதனையோடு தங்கம், ஜான் கார்லோஸ் வெண்கலம். இருவரும் கறுப்பின அமெரிக்கர்கள். பதக்க மேடையில் அமெரிக்கக் கீதம் ஒலித்தபோது, கறுப்பின மக்களின் ஏழ்மையைக் காட்ட ஷூ இல்லாமல் கறுப்பு சாக்ஸ் மட்டும், கறுப்புக் கையுறை, குனிந்த தலை, உயர்த்திய முஷ்டி. கார்லோஸ் தன் கையுறையை மறந்துவிட்டு வந்ததால் ஒரே ஜோடியைப் பகிர்ந்துகொண்டார்கள், அதனால்தான் ஒருவர் வலது கை, இன்னொருவர் இடது கை. அந்த யோசனையைச் சொன்னது வெள்ளி வென்ற ஆஸ்திரேலிய வெள்ளைக்காரர் பீட்டர் நார்மன். அவரும் மனித உரிமைக்கான பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு மேடை ஏறினார். அமெரிக்கர்கள் இருவரையும் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள், வருடக்கணக்காகக் கொலை மிரட்டல். நார்மனை 1972 ஒலிம்பிக்குக்கு எடுக்கவில்லை. 2006-இல் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் ஆஸ்திரேலியா போய்ச் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2012-இல்.

அதே மெக்சிகோவில் இன்னொன்றும் நடந்தது, அதைப் பலர் பேசுவதே இல்லை. செக்கோஸ்லோவாக்கிய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை வேரா சாஸ்லாவ்ஸ்கா, சோவியத் டாங்குகள் தன் நாட்டுக்குள் புகுந்து இரண்டு மாதம் ஆன நிலையில், சோவியத் கீதம் ஒலித்தபோது முகத்தைத் திருப்பித் தலையைக் குனிந்துகொண்டார். அதற்காக அவர் வாழ்க்கையைப் பல வருடம் முடக்கினார்கள். மேற்கத்திய நாடுகளில் அவரை வீராங்கனை என்று கொண்டாடினார்கள், ஸ்மித்தையும் கார்லோஸையும் நாட்டின் பெயரைக் கெடுத்தவர்கள் என்றார்கள். அடுத்தவன் நாட்டுக் கீதத்துக்குத் தலை குனிந்தால் துணிச்சல், நம் கீதத்துக்குத் தலை குனிந்தால் துரோகம் என்பது எனக்குப் புரியவே இல்லை.

சிப்பாயின் அம்மா, நீங்கள் சொன்ன வில்லனுவேவா மறுநாளே, அணித் தோழர்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் தெரியும்படி நின்றுவிட்டதற்கு வருத்தம் தெரிவித்தார். அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

அட்லாண்டா அப்பா:

எல்லோருக்கும் நன்றி. மகளுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். நார்மன் கதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் பேச்சில் புதிதாக ஒன்று வெளியே வந்தது. செய்தால் அணி முழுக்கச் செய்ய வேண்டும், யாரும் தனியாக நிற்கக் கூடாது என்று கேப்டன் பெண் சொல்லியிருக்கிறாளாம். அணியில் ஒரு பெண்ணின் அப்பா கடற்படையில் இருக்கிறார், அவள் மாட்டேன் என்கிறாள், குரூப் சாட்டில் எல்லோரும் அவளைப் போட்டு நெருக்குகிறார்கள். என் மகளுக்கும் இது சரியாகப் படவில்லை, ஆனால் சொல்லப் பயப்படுகிறாள்.

துபாய் சேகர்:

இதுதான் சார் முக்கியம், மற்றதெல்லாம் அப்புறம். 2021 டி20 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்க வாரியம், வெஸ்ட் இண்டீஸ் மேட்சுக்குச் சில மணி நேரம் முன்பு, இனவெறிக்கு எதிராக எல்லா வீரரும் மண்டியிட வேண்டும் என்று உத்தரவு போட்டது. குவின்டன் டி காக் ஆடவே மறுத்துவிட்டார். இனவெறியன் என்று உலகமே திட்டியது. இரண்டு நாள் கழித்து ஓர் அறிக்கை விட்டார்: தன் சிற்றன்னை கறுப்பினத்தவர், மண்டியிடுவதில் தனக்குப் பிரச்சினை இல்லை, உத்தரவு போட்ட விதத்தில்தான் தன் உரிமை பறிபோனதாகத் தோன்றியது என்று. மன்னிப்பும் கேட்டு, அடுத்த மேட்சில் மண்டியிட்டார். நம் இந்திய அணியும் அதே தொடரில் பாகிஸ்தான் மேட்சுக்கு முன் மண்டியிட்டது. மேலிடத்தில் சொன்னார்கள், செய்தோம் என்று கோலி சொன்னார். கேட்டுவிட்டு எனக்கு அந்தக் காட்சியே சப்பென்று ஆகிவிட்டது, உலகத்தில் எந்தப் போலீஸ்காரரும் அதைப் பார்த்து ஒரு நிமிடம் யோசித்திருக்க மாட்டார்.

நிற்க வைப்பதும் அப்படித்தான். 2018 மே மாதம் அமெரிக்க ஃபுட்பால் லீக், மைதானத்தில் இருந்தால் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் லாக்கர் ரூமில் இரு, மீறினால் அணிக்கு அபராதம் என்று விதி கொண்டுவந்தது. வீரர் சங்கம் எதிர்த்ததும் இரண்டே மாதத்தில் கிடப்பில் போட்டார்கள். சிப்பாயின் அம்மா அந்தக் கொடியைப் பார்த்து உணர்வது உண்மை. ஆனால் ஸ்டேடியத்தில் நடப்பது எல்லாம் அந்த உணர்வில் இருந்து வருவதில்லை அம்மா. 2015-இல் மெக்கெய்ன், ஃபிளேக் என்ற இரண்டு செனட்டர்கள், இருவருமே குடியரசுக் கட்சி, மெக்கெய்ன் வியட்நாமில் போர்க் கைதியாக இருந்தவர், ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மைதானத்தில் படைவீரர்களைக் கௌரவிப்பது, பெரிய கொடியை விரிப்பது மாதிரி நிகழ்ச்சிகளுக்காகப் பாதுகாப்புத் துறை விளையாட்டு அணிகளுக்குப் பணம் கொடுத்திருக்கிறது, 68 லட்சம் டாலர் வரை. மகனை ராணுவத்துக்கு அனுப்பிய ஒவ்வொரு தாய்க்கும் அதுதான் என் கண்ணில் பெரிய அவமரியாதை.

கடற்படைக்காரர் மகளை நெருக்குவதை உங்கள் மகள் நிறுத்தச் சொல்லட்டும். அவள் மண்டியிடுவதா நிற்பதா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யட்டும்.

சிப்பாயின் அம்மா:

சேகர் தம்பி, காசு வாங்கிய விஷயம் எனக்குத் தெரியும், என் மகனே சொல்லிக் கோபப்பட்டான். அதற்காக நான் நிற்பதை விடமாட்டேன், காசு வாங்கியவன் வெட்கப்படட்டும்.

அட்லாண்டா அப்பா, அந்தக் கடற்படைக்காரர் பிள்ளைக்கு உங்கள் மகளைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஒருத்தி நின்று, ஒருத்தி மண்டியிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருக்கட்டும். கோச்சிடம் மேட்சுக்கு முன்பே சொல்லிவிடட்டும், மைதானத்தில் வைத்துத் திடீரென்று வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் என்னைப் போல ஒருத்தி வந்து ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பாள், கொஞ்சம் கடுமையாகவே கேட்பாள். ஓடிவிடாமல் நின்று பதில் சொல்லச் சொல்லுங்கள். நான் கேட்பேன்.