மறு: பழைய உள்நாட்டுக் கடலின் மிச்சத்துக்கு ஒரு சொல்

ஐயாவுக்கும் குழுமத்தாருக்கும் வணக்கம். பழைய கடல் சுருங்கி மிஞ்சிய நீர்நிலைக்கு நாம் தேடும் கலைச்சொல் பற்றி ஐயா எழுதியவற்றுக்கு என் மறுமொழி இது.

> காஸ்பியன், ஆரல் போன்றவற்றுக்கு ‘உப்பு வாவி’ போதுமே. மட்டக்களப்பில் வாவி வழக்கில் உள்ள சொல்தானே?

வழக்கில் இருப்பதுதான் சிக்கல், ஐயா. எங்கள் தரம் 10 பிள்ளைகளிடம் வாவி என்றால் கல்லடிப் பாலத்துக்குக் கீழே கிடக்கும் தண்ணீர்தான் கண்ணில் வரும். அதுவும் உவர்தான், ஆனால் அதற்கு வாய் உண்டு. வெயில் காலத்தில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். மாரியில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்கள் மூழ்கத் தொடங்கினால் வெட்டிவிடுவார்கள். சின்ன வயதில் அப்பாவோடு நின்று பார்த்தேன். மண்வெட்டியால் கீறியது ஒரு முழ அகலம்கூட இராது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரே இரண்டு பக்க மணலையும் பொத்துப் பொத்தென்று விழுத்தி, கலங்கிய நிறத்தில் கடலுக்குள் பாய்ந்தது. காஸ்பியனுக்கு அப்படி ஒரு வாய் இல்லை. அதன் நீர்மட்டமே கடல்மட்டத்துக்குச் சுமார் 29 மீற்றர் கீழே. வோல்கா ஆறு கொண்டுவரும் தண்ணீர் ஆவியாகித்தான் போகவேண்டும்.

‘உப்பு’ என்ற அடையும் உதவாது. காஸ்பியனின் உப்பு பெருங்கடலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வோல்கா விழும் வடக்குப் பக்கம் கிட்டத்தட்ட நன்னீர்.

> அப்படியானால் ‘கடலெச்சம்’?

நல்ல சொல்தான். ஆனால் தொல்லுயிர் எச்சம் என்று பாடநூலில் படித்த பிள்ளை இதைக் கடல் உயிர்களின் எச்சம் என்றே எடுத்துக்கொள்ளும்.

நான் முன்வைப்பது எஞ்சுகடல். வினைத்தொகை என்பதால் எஞ்சிய கடல், எஞ்சுகின்ற கடல், எஞ்சும் கடல் எல்லாம் அதற்குள் அடங்கும். இந்த நீர்நிலைகளுக்கு மூன்று காலமும் வேண்டும். சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் தெதிஸ் என்ற பழங்காலப் பெருங்கடலிலிருந்து பிரிந்த பாராதெதிஸ் கடலில் மிஞ்சியவை கருங்கடலும் காஸ்பியனும் ஆரலும். ஆரலோ நம் கண்முன்னே எஞ்சிக்கொண்டிருக்கிறது. 1960களில் அதற்கு நீர் கொண்டுவந்த அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பினார்கள், கடல் துண்டு துண்டாகிவிட்டது. 2005இல் கட்டி முடித்த கோக்-ஆரல் அணைக்குப் பிறகு வடக்குத் துண்டில் தண்ணீர் ஏறியது, மீன் திரும்பியது. வாவிக்கரையில் வளர்ந்தவளுக்கு அதைப் படித்தபோது நெஞ்சு நிறைந்தது.

அப்புறம், எல்லா உப்பேரியும் எஞ்சுகடல் ஆகாது. அமெரிக்காவின் பெரும் உப்பு ஏரி, பொன்னவில் என்ற பழைய நன்னீர் ஏரி வற்றி மிஞ்சியது. அதை எஞ்சேரி எனலாம். எஞ்சு என்ற ஒரே வேரில் இரண்டு சொல்லும் கிடைக்கின்றன.

வரைவிலக்கணம் இப்படி இருக்கட்டும்: பெருங்கடலிலிருந்து துண்டிக்கப்பட்டுச் சுருங்கிய பழங்கடலில் மிஞ்சிய நீர்நிலை.

நம் கலைச்சொல் பட்டியலில் யாரோ ‘எஞ்சுக்கடல்’ என்று ஏற்றியிருக்கிறீர்கள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, அந்த க்-ஐ எடுத்துவிடுங்கள்.