முடக்குவாதம்: பாலைச் சேர்த்ததும் விரல் வீங்கியது, பால்தான் காரணமா?

குடமுருட்டிக்கரை:
வணக்கம். எனக்கு 51 வயது. பாபநாசம் பக்கம், விவசாயக் குடும்பம். முடக்குவாதம் என்கிற மூட்டு அழற்சி நோய் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வாரம் ஒருமுறை நோயை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, மறுநாள் அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலம். ஒரு வாரமும் தவறியதில்லை. மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் உணவை விலக்கிப் பார்க்கத் தொடங்கினேன். பால், கோதுமை, கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் அத்தனையையும் நான்கு வாரம் நிறுத்தினேன். மிளகுக் குழம்பும் புடலங்காய்க் கூட்டுமாகவே நாட்கள் ஓடின.

மூன்றாம் வாரம் காலை விறைப்பு குறைந்தது. விரல்கள் மடங்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அது அரை மணி நேரமானது. இறுகிக் கிடந்த காப்பி பில்டரை ஒருநாள் நானே கழற்றினேன். அடுப்படியிலேயே அழுதுவிட்டேன்.

பிறகு முதலில் பாலைச் சேர்த்தேன். மூன்றாம் நாள் காலையில் ஆள்காட்டி விரலின் அடிமூட்டு உப்பி, கணுக்களுக்கு நடுவே இருக்கும் பள்ளமே தெரியவில்லை. மோதிரத்தைச் சோப்பு நுரை போட்டுத்தான் கழற்ற முடிந்தது. ஆனால் அதே வாரம்தான் எங்கள் வயலில் குறுவை நடவு. பன்னிரண்டு பேருக்குச் சமைத்தேன், சோற்றுப் பானையைச் சாய்த்து வடித்தேன். எதைக் குற்றம் சொல்வது? பாலில்லாமல் எலும்பு என்னவாகும் என்று மாமியார் தினமும் கேட்கிறார். ஆயுசுக்கும் பாலை விட வேண்டுமா?

மன்னார்குடி டீச்சர்:
அக்கா, அதற்குள் பாலை ஒதுக்கிவிடாதீர்கள். இந்த நோய் தானாகவே ஏறும், இறங்கும். நடவு வாரத்துச் சோதனையைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். வீக்கம் முழுதாக வடியட்டும். வேலை குறைந்த வாரமாகப் பார்த்து மறுபடி பாலை மட்டும் சேருங்கள். வேறு எதையும் அந்த வாரம் மாற்றாதீர்கள். நானும் கத்தரிக்காய்தான் எதிரி என்று ஓராண்டு தொடாமல் இருந்தேன். இரண்டு முறை சேர்த்துப் பார்த்தபோது ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒத்துக்கொள்ளாதது கோதுமை. ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கு ஆகும்.

ஒரு நோட்டில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: காலையில் கைவிரல்கள் முழுதாக மடங்கிய நேரம், அன்று புதிதாகச் சாப்பிட்டது, அன்றைய கைவேலை.

திருவாரூர் மகன்:
அம்மா, எங்கள் தாயாருக்கும் இதே நோய். உணவில் குணம் தெரிந்ததும் மாத்திரையை அவராகவே நிறுத்திவிட்டார். சில மாதங்களில் மணிக்கட்டு மூட்டு அரித்துவிட்டது. எக்ஸ்ரேயில் பார்த்தபோது எங்களுக்குப் பேச்சே வரவில்லை. வலி குறைந்தாலும் உள்ளே அழற்சி இருக்கலாம். அதனால் நோட்டோடு, அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி முடிவுகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரைக்காக எடுக்கும் கல்லீரல் பரிசோதனையையும் விடாதீர்கள்.

எலும்பைப் பற்றி உங்கள் மாமியார் கேட்பது நியாயமானது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, அசைவம் உண்டென்றால் முள்ளோடு நெத்திலி.

குடமுருட்டிக்கரை:
தம்பி, உங்கள் அம்மாவை நினைத்து மனம் கனத்துப் போனது. மாத்திரையை நான் விடமாட்டேன். டீச்சரம்மா, நோட்டு வாங்கிவிட்டேன். பதினெட்டாம் பெருக்குக்குக் குடும்பமே படித்துறைக்குப் போகும். தயிர்ச்சாதத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நான் தேங்காய்ச்சாதம் எடுத்துக்கொள்கிறேன், அதையும் மிளகாய் கிள்ளாமல். அது முடிந்து, கை ஓய்ந்த வாரத்தில் பாலை மறுபடி சேர்த்துப் பார்த்து, நடந்ததை இங்கேயே எழுதுகிறேன். இன்று விரல் மடங்கியது 6.50 மணிக்கு; எழுந்தது 6 மணிக்கு.