பற்று அட்டை என்றால் எங்கள் கரையில் கடன் என்று பொருள்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். கார்டு மெஷினின் திரைச்சொற்களைத் தமிழாக்கும் இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். டெபிட் கார்டுக்குப் 'பற்று அட்டை', கிரெடிட் கார்டுக்குக் 'கடன் அட்டை' என்று முடித்துவிடலாம் என்ற இடத்துக்கு இழை வந்து நிற்கிறது. பூட்டுவதற்கு முன் பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும்.

> பற்றும் வரவும் நம் கணக்கேடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் சொற்கள். பாடநூலிலும் அவையே. இதை விட்டுப் புதுச்சொல் தேடுவானேன்?

ஆசிரியர் ஐயா, சொல் பழையது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பழகிய சொல் என்பதால்தான் தயங்குகிறேன். அது எங்கள் ஊரில் எந்தப் பொருளில் பழகியிருக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அப்பா தங்கச்சிமடத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் நீளவாக்கில் மடித்துத் தைத்த நோட்டு ஒன்று எப்போதும் கிடக்கும். எழுத்தில் பற்று, பேச்சில் பத்து; அதனால் அது பத்து நோட்டு. மீன்பிடித் தடைக்காலம் அப்போது 45 நாள். இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில் ஒரு நோட்டு போதாது. அரிசி, பருப்பு, சோப்பு, பிள்ளைகளுக்குப் பிஸ்கட், எல்லாமே 'பத்துல எழுதிக்கங்க' என்ற ஒரே பேச்சில் வீட்டுக்குப் போகும். படகு கடலுக்குப் போய் நாலு மீன்பாடு நல்லபடியாக வந்த பிறகு வரவு வைப்பார்கள். கணக்கு முழுதும் தீர்ந்தால் அப்பா பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். 'பத்து அடைஞ்சிருச்சு' என்று சொல்லிக்கொண்டு படி இறங்குகிறவர்களின் நடையே வேறாக இருக்கும்.

2014 ஆகஸ்டில் ஜன்தன் திட்டம் வந்ததும் எங்கள் பக்கத்து ஊர்களில் கணக்குத் தொடங்கும் முகாம்கள் நடந்தன. படிவம் நிரப்பிக் கொடுக்க நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு வங்கியின் தமிழ்ப் படிவத்தில் 'பற்று அட்டை தேவையா? ஆம் / இல்லை' என்று ஒரு கட்டம். கடல்பாசி எடுக்கப் போகிற அக்கா ஒருவருக்கு அதை வாசித்துக் காட்டினேன். சட்டென்று கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"பத்து வேணாம் தம்பி. கடையில கிடக்குற பத்தே இன்னும் அடையல. பேங்குலயும் போய் ஒரு பத்தா?"

அவருக்குப் பின்னால் நின்ற இருவரும் தங்கள் படிவத்திலும் 'இல்லை' என்றே போடச் சொன்னார்கள். "அக்கா, இது ஏடிஎம் கார்டு. நீங்க போட்ட காசை நீங்களே எடுக்குறதுக்கு" என்று சொன்ன பிறகுதான் மூன்று பேரும் மனம் மாறினார்கள். அந்த ரூபே கார்டோடு அப்போது 1 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் சேர்ந்து வந்தது. கடலில் இறங்கிப் பிழைக்கிற ஒருவர், படிவத்தில் இருந்த ஒரு சொல்லால் அதை இழக்கப் பார்த்தார். அன்றிலிருந்து இந்தச் சொல் என் மனத்தில் முள்ளாகக் கிடக்கிறது.

அந்த அக்காவுக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் எண்ண வேண்டாம். ஐயா சொல்லிக் கொடுத்த அதே இலக்கணப்படிதான் அவர் பேசினார். பற்று என்றால் ஒருவர் நம்மிடமிருந்து பெற்றுக்கொண்டது. வரவு என்றால் அவரிடமிருந்து நமக்கு வந்தது. வங்கி ஏட்டிலும் கடை நோட்டிலும் பொருள் ஒன்றே. மாறுவது வரிசை. வங்கியில் முதலில் நாம் பணம் போடுகிறோம், வரவு முந்துகிறது. பிறகு எடுக்கிறோம், பற்று பிந்துகிறது. கடையில் முதலில் சாமான் வாங்குகிறோம், பற்று முந்துகிறது. கையில் காசு வந்ததும் கொடுக்கிறோம், வரவு பிந்துகிறது. இப்போது கிரெடிட் கார்டை எடுத்துப் பாருங்கள். முதலில் பொருள், பிறகு பணம். அப்பாவின் பத்து நோட்டு எப்படியோ அப்படியே. ஆக, 'பற்று' என்ற சொல்லைக் கேட்டதும் கடைக்கணக்கில் வளர்ந்த ஒருவருக்குக் கிரெடிட் கார்டுதான் மனத்தில் வரும்; அப்படி வருவதுதான் முறை. நாமோ அதை டெபிட் கார்டின் மேல் ஒட்டுகிறோம்.

பாடநூலிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. கணக்கில் இருப்பதற்கு மேல் எடுப்பதை 'மேல்வரைப்பற்று' என்கிறோம். அங்கே பற்று கடனாகிவிட்டதல்லவா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கணக்கு அறிக்கையிலும் வங்கிக் குறுஞ்செய்தியிலும் பற்று, வரவு என்ற இணை அப்படியே இருக்கட்டும். அங்கே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்றையொன்று விளக்கிக்கொள்கின்றன. சொல்லப்போனால் ஆங்கிலத்தைவிட நமக்கு அங்கே வசதி அதிகம். அவர்களுக்குக் கணக்கில் பணம் வந்தாலும் 'கிரெடிட்', கடன் வாங்கும் கார்டும் 'கிரெடிட்'. நாம் வரவு என்றும் கடன் என்றும் பிரித்துவிட்டோம். அதனால்தான் இந்த இழையின் தொடக்கத்தில் வந்த 'வரவு அட்டை' என்ற பரிந்துரையை உறுதியாக மறுக்கிறேன். பணம் வரும் அட்டை என்று நம்பி யாராவது வாங்கினால் அந்தப் பழி நம்மைச் சேரும்.

என் பரிந்துரை இது: டெபிட் கார்டுக்கு 'இருப்பு அட்டை'. கிரெடிட் கார்டுக்குக் 'கடன் அட்டை'.

இருப்பு என்ற சொல்லுக்கு விளக்கமே வேண்டாம். 'கையில இருப்பு எவ்வளவு?', 'பேங்குல இருப்பு இருக்கா?' என்பது அன்றாடப் பேச்சு. பேருந்து நடத்துநர், ரேஷன் கடைக்காரர், ஐஸ் பெட்டியில் மீன் வைத்திருக்கும் வியாபாரி, எல்லாருக்கும் அது ஒரே பொருள். இருப்பதிலிருந்து போகிறது என்றால் இருப்பு அட்டை. இல்லாததை வாங்கிச் செலவழித்தால் கடன் அட்டை. பணம் யாருடையது என்பதை அட்டையின் பெயரே சொல்லிவிட வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் அளவுகோல்.

ஜன்தன் கணக்கில் 10,000 ரூபாய் வரை மேல்வரைப்பற்று உண்டே, அப்போது அது இருப்பு அல்லவே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அந்த வசதி வங்கி தனியாக ஒப்புக்கொண்டால்தான் கிடைக்கும். அட்டையின் இயல்பான வேலை இருப்பிலிருந்து எடுப்பதே, ஆகவே பெயர் நிற்கும். இதைவிடக் கடினம் கிசான் கார்டு. உழவர்களுக்காக 1998-ல் வந்த அந்தத் திட்டம் 2018-19 பட்ஜெட்டுக்குப் பிறகு மீனவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. ரூபே கார்டாகக் கொடுக்கிறார்கள். ஏடிஎம்மில் போட்டால் சாதாரண கார்டு போலவே பணம் வரும். ஆனால் எடுப்பது கடன் கணக்கிலிருந்து. 'ஏடிஎம்ல வந்தா நம்ம காசுதானே' என்று எடுத்துவிட்டுத் தவணையில் திணறியவர்களை எனக்குத் தெரியும். அந்த அட்டையின் மீது 'கடன்' என்று கொட்டை எழுத்தில் இருக்கவேண்டும் என்பேன்.

> கிரெடிட் என்பதன் மூலம் இலத்தீனில் 'நம்புதல்'. கடன் என்ற சொல்லில் ஓர் இழிவு ஒட்டியிருக்கிறது. 'நாணய அட்டை' அல்லது 'நம்பக அட்டை' என்றால் என்ன?

அழகான சொற்கள்தான். 'நாணயமான ஆளு' என்று ஒருவரைச் சொல்வதைவிடப் பெரிய சான்றிதழ் எங்கள் சந்தையில் கிடையாது. ஆனாலும் ஏற்க மனம் வரவில்லை. வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் 'டெபிட்' என்பதற்கும் இலத்தீனில் 'தரவேண்டியது' என்றுதான் பொருள். அந்த வழியில் டெபிட் கார்டுதான் கடன் அட்டை ஆகும்! கீழக்கரையிலிருந்து காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர் எனக்குத் தனிமடலில் எழுதியதை அவர் இசைவோடு இங்கே தருகிறேன். வட்டி கூடாது என்று வாழ்கிறவர்கள் அவர் வீட்டில். கெடு நாளுக்குள் முழுத்தொகையையும் கட்டினால் வட்டி இல்லை என்பதும், 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஏறும் என்பதும், கிரெடிட் கார்டில் ரொக்கமாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். "சொல்லுக்குப் பூ வைக்காதீங்க தம்பி. கடன்னா கடன்னே எழுதுங்க. படிக்கிறவன் முடிவு பண்ணிக்குவான்" என்கிறார். நான் அவர் பக்கம்.

எழுத்துமுறை பற்றி ஒரு குறிப்பு. 'கடனட்டை' என்று சேர்த்து எழுதவேண்டாம். மன்னார் வளைகுடாக் கரையில் கடலட்டை என்பது 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பிடிக்கத் தடையான உயிரினம். கடலட்டை பிடிபட்டது, ஆள் கைது என்ற செய்தி எங்கள் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வரும். ஓர் எழுத்து வேறுபாட்டில் நிற்கும் சொல்லை இங்கே வேகமாகப் படிக்கிறவர் எப்படிப் படிப்பார்? பிரித்தே எழுதுவோம். பேச்சில் மக்கள் 'கடன் கார்டு', 'இருப்புக் கார்டு' என்றால் அதுவும் நல்ல தமிழ்தான்.

இனி, நம் குழுமத்து அக்கா ஒருவர் அமெரிக்காவின் நியூஜெர்சியிலிருந்து அனுப்பிய கார்டு மெஷின் ஸ்கிரீன்ஷாட்களுக்கு வருகிறேன். அங்கேதான் நாம் பெரிதாகத் தவறப் பார்த்தோம். 'டெபிட்டா, கிரெடிட்டா?' என்று அந்த மெஷின் கேட்பது டெபிட் கார்டைத் தேய்த்தவரிடம்! எதைத் தொட்டாலும் பணம் அவருடைய அதே வங்கிக் கணக்கிலிருந்துதான் போகிறது. டெபிட் என்றால் ரகசிய எண்ணைக் கேட்டு ஒரு வலைப்பின்னல் வழியாகப் போகும். கூடவே கொஞ்சம் ரொக்கம் வாங்கிக்கொள்ளவும் பல கடைகளில் முடியும். கிரெடிட் என்றால் விசா, மாஸ்டர்கார்டு வழி. முன்பு கையெழுத்துக் கேட்டார்கள்; 2018-ல் அந்த நிறுவனங்கள் கையெழுத்துக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. கடன் எதுவும் உண்டாவதில்லை. இந்தத் திரையில் நாம் 'கடன்' என்று எழுதினால், இப்போது பணம் போகாது என்று நினைத்து அங்குள்ள நம் தமிழ்ப் பெரியவர் ஒருவர் தொட்டுவிடுவார்.

இன்னொரு மயக்கமும் அங்கே இருக்கிறது. கிரெடிட் பொத்தானைத் தொட்டால் கிரெடிட் கார்டுக்குரிய சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அமெரிக்கச் சட்டம் பொத்தானைப் பார்ப்பதில்லை, கார்டைப் பார்க்கிறது. கிரெடிட் கார்டு திருட்டுப்போனால் அட்டைதாரரின் பொறுப்பு 50 டாலருக்கு மேல் போகாது. டெபிட் கார்டு என்றால், தெரிந்த 2 வேலைநாளுக்குள் சொன்னால் 50 டாலர். தாமதித்தால் 500 வரை. கணக்கு அறிக்கை அனுப்பிய 60 நாளுக்குப் பிறகும் சொல்லாவிட்டால் அதற்குப் பின் போகிற பணத்துக்கு வரம்பே இல்லை. எனவே அந்தத் திரைக்கு 'ரகசிய எண்ணுடன்' / 'ரகசிய எண் இல்லாமல்' என்று போடுவோம். கையெழுத்து என்ற சொல்லை விட்டுவிடலாம்.

நம்மூர் மெஷின் இப்படிக் கேட்பதில்லை. எந்தக் கார்டு என்று அதுவே படித்துக்கொள்கிறது. டெபிட் கார்டுக்கு 2013 டிசம்பரிலிருந்து ரகசிய எண் கட்டாயம், தொட்டுச் செலுத்தினால் மட்டும் 5,000 ரூபாய் வரை தேவையில்லை. ஆனால் கடைக்காரருக்கு எது என்று தெரிந்தாக வேண்டும். ரூபே டெபிட் கார்டுக்கு 2020 ஜனவரி முதல் அவரிடம் கட்டணம் பிடிப்பதில்லை, கிரெடிட் கார்டுக்குப் பிடிக்கிறார்கள். ராமேசுவரத்தில் சங்கு, பாசிமணி விற்கிற சிறு கடைக்காரருக்கு அந்த வேறுபாடு ஒரு நாள் டீச்செலவு.

நம்மிடம் உண்மையிலேயே கேள்வி எழுவது கைப்பேசியில். 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயில் இணைக்கலாம். பணம் செலுத்தும்போது வங்கிக் கணக்கும் கிரெடிட் கார்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். வெயிலில், ஈரக் கையோடு, திரை சரியாகத் தெரியாத நேரத்தில் கட்டைவிரல் எதில் படும் என்று சொல்ல முடியாது. அந்த இரண்டு வரிகளுக்கு 'இருப்பிலிருந்து', 'கடனில்' என்று எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேற்றுமை உருபோடு இருந்தால் பணம் எங்கிருந்து வருகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். நம் சொற்பட்டியலின் அறிக்கைப் பக்கத்தில் பற்று, வரவு இரண்டையும் தொடாமல் வைத்திருக்கிறேன். தாங்கள் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தர வேண்டும். அட்டைப் பெயர்களில் மட்டும் மாற்றியிருக்கிறேன். நியூஜெர்சி அக்காவின் திரைகளுக்கான வரிகளையும் தனியே சேர்த்துவிட்டேன். அன்று முகாமில் 'இல்லை' போடச் சொன்ன அந்தக் கடல்பாசி அக்காவை ஞாயிறன்று பார்க்கப் போகிறேன். புதிய திரையை அவர் கையில் கொடுத்து, நான் எதுவும் சொல்லாமல் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேட்டு எழுதுகிறேன். அதுவரை இழையைப் பூட்ட வேண்டாம்.

அன்புடன்,
பாம்பனிலிருந்து