சோலார்ல சாயந்திரம் கொதிக்குது, காலைல பச்சத்தண்ணி. யாராச்சும் சொல்லுங்க

தோப்புவீட்டு மருமக:
அவசரம்ங்க. எங்கூட்டு சோலார் ஹீட்டர் ஒரு மாசமா மக்கர் பண்ணுது. சாயந்திரம் ஆறு மணிக்கு தொறந்தா கை வெக்க முடியாத சூடு, காலைல அஞ்சு மணிக்கு அதே கொழாயில பச்சத்தண்ணி வருது. மாமனாருக்கு முட்டி வலி, சுடுதண்ணி இல்லாம ஆகாது, நாந்தான் நாலரைக்கே எந்திரிச்சு அடுப்புல அண்டாவ வெச்சு காய்ச்சி குடுக்கறேன். சர்வீஸ் ஆளு வந்து அஞ்சு நிமிசம் பார்த்துட்டு ட்யூப் பூராத்தையும் மாத்தணும்னு சொல்லிட்டு போயிட்டாரு. மாத்தலாமுங்களா? சீக்கிரம் சொல்லுங்க

கம்பத்துக்காரன்:
எத்தன லிட்டர்? ட்யூபா, பிளேட்டா? போட்டு எத்தன வருசம்? எந்த ஊரு?

போர்வெல் மாமா:
சுண்ணாம்பு தாங்க, வேற ஒண்ணுமில்ல. கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்க போர் தண்ணிய ரெண்டு நாள் காய்ச்சினா டீ பாத்திரத்துல வெள்ளையா படை கட்டுது. உள்ள ட்யூப் அடியில ஒரு சாண் உசரத்துக்கு மாவு மாதிரி ஒறஞ்சு கெடக்கும், நான் எங்கூட்டுல கழட்டி பார்த்தேன். ஆளக் கூப்பிட்டு ஆசிட் வாஷ் பண்ணுங்க சரியாயிரும்.

சித்தூர் வாத்தியார்:
கேள்வி கேக்கறதுக்கு ஒரு முறை இருக்குனு இங்க நூறு தடவ எழுதிட்டேன். லிட்டர் இல்ல, வகை இல்ல, ஊர் இல்ல, அதுக்குள்ள ஒருத்தர் ஆசிட்டத் தூக்கிட்டு வந்துட்டார். சுண்ணாம்பு அடைச்சா சூடாகறதே கொறையும், சாயந்திரம் எப்படி கொதிக்கும்? பகல்ல ஏறுன சூடு ராத்திரில எறங்குது, அப்ப டேங்க்ச் சுவத்துக்குள்ள சூடு வெளிய போகாம புடிக்கற பஃப் நுரை நனஞ்சு போச்சுனு அர்த்தம். எட்டாங்கிளாஸ் பாடம். டேங்க் மாத்தணும்.

தோப்புவீட்டு மருமக:
200 லிட்டர்ங்க. கண்ணாடி ட்யூப். ஆறு வருசம் ஆச்சு. வேலந்தாவளம் செக்போஸ்ட்ல இருந்து உள்ள வரணும். போர் தண்ணிதான். இதுவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல

கஞ்சிக்கோடு மெக்கானிக்:
அம்மிணி, எதையும் மாத்தாதீங்க. மொதல்ல ட்யூபோட கீழ் நுனிய பாருங்க, கண்ணாடி மாதிரி வெள்ளி நெறத்துல பளபளன்னு இருந்தா உள்ள வேக்குவம் (காத்தில்லாத வெற்றிடம்) நல்லா இருக்கு. பால் ஊத்துன மாதிரி வெளுத்திருந்தா அந்த ஒரு ட்யூப் போச்சு, அத மட்டும் மாத்துனா போதும். வெயில் ஏறுனதுக்கப்பறம் ட்யூப கழட்டாதீங்க, தண்ணியில்லாம வெயில்ல கெடந்த ட்யூப் 200 டிகிரிக்கு மேல போகும், பச்சத்தண்ணி பட்டா வெடிச்சுரும்.

மேட்டுத்தெரு:
இன்னுமா இந்த தண்ணி சோலார நம்பிட்டு இருக்கீங்க. கழட்டிட்டு கரண்ட் பேனல் போட்டு கீசர் மாட்டுங்க. 2024ல பிரதமர் சூரிய வீடு திட்டம் வந்ததுல இருந்து 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம். நான் போட்டுட்டேன், கேஎஸ்இபி கரண்ட் பில் பாதிக்கு மேல கொறஞ்சுருச்சு.

கம்பத்துக்காரன்:
கணக்கு போட்டு பேசுங்கண்ணா. 100 லிட்டர 25 டிகிரில இருந்து 60க்கு ஏத்த 4 யூனிட் வேணும். 200 லிட்டருக்கு 8 யூனிட். உங்க பேனல் வெயில்ல அஞ்சுல ஒரு பங்க தான் கரண்ட்டா மாத்தும், தண்ணி சோலார் பாதிக்கு மேல சூடா மாத்தும். எடமும் கம்மி. இருக்கறத எதுக்கு கழட்டணும்?

மேட்டுத்தெரு:
மழைக்காலத்துல ஒரு வாரம் மேகம் மூடுனா உங்க தண்ணி சோலார் என்ன பண்ணும்? கரண்ட்டுனா ஃபேனும் ஓடும், மோட்டரும் ஓடும், கீசரும் ஓடும்.

சித்தூர் வாத்தியார்:
ரெண்டு பேரும் தனியா ஒரு இழை தொறந்து பேசுங்க. நான் சொன்ன பஃப் விசயத்துக்கு இன்னும் பதில் வரல.

கஞ்சிக்கோடு மெக்கானிக்:
வாத்தியாரே, பஃப் நனஞ்சாலும் ஒரே ராத்திரில 200 லிட்டர் பச்சத்தண்ணியா ஆகாதுங்க. மார்கழில கெழக்கத்திக் காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கறப்பவே நல்ல டேங்க் பத்து டிகிரிக்குள்ள தான் எறங்குது. சூடு ஆறலைங்க, தண்ணியே எங்கியோ போகுது. அம்மிணி, ஒரு மாசம்னு சொன்னீங்கல்ல, அதுக்கு முன்னாடி வீட்டுல புதுசா என்ன வேல செஞ்சீங்க? ராத்திரில ஏதாச்சும் மோட்டர் தன்னால ஓடுதா?

தோப்புவீட்டு மருமக:
ஆமாங்ணா ஓடுது!! மாமனாருக்காக கீழ் பாத்ரூம் புதுசா பண்ணி பிரஷர் பம்ப் வெச்சோம். ராத்திரி யாரும் தொறக்காமயே டுர்ருனு ஓடி நின்னு ஓடி நின்னுன்னு கெடக்கும், பிளம்பர் அது அப்படித்தான்னார். காலைல பச்சத்தண்ணி கொழாயும் லேசா வெதுவெதுன்னு வருது, மேல்தொட்டி வெயில்ல காயுதுன்னு நெனச்சேன். இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

கஞ்சிக்கோடு மெக்கானிக்:
அதேதான் சம்பந்தம். காலைல அஞ்சு மணிக்கு எந்த வெயில் தொட்டிய காய வெக்கும்? பம்ப் பச்சத்தண்ணி லைன்ல மட்டும் இருக்கு, சுடுதண்ணி மொட்டமாடில இருந்து சும்மா எறங்குது. அந்த பாத்ரூம்ல சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் கலக்கற மிக்சர் கொழாயில கைஷவர் இருக்கும், மாமனார் குளிச்சுட்டு ரெண்டு திருகையும் தொறந்து விட்டுட்டு கைஷவர் பொத்தான மட்டும் அமுக்கி நிறுத்தியிருப்பாரு. அப்ப மிக்சருக்குள்ள ரெண்டு தண்ணியும் முட்டி நிக்கும், பம்ப் தண்ணிக்கு பலம் ஜாஸ்தி, அது சுடுதண்ணி பைப்ல ஏறி சோலார் டேங்க்குக்குள்ள போகும், டேங்க்ல இருக்கற சூட்டுத்தண்ணிய மேல்தொட்டிக்கு தள்ளிரும். ராத்திரி பூரா கொஞ்சங்கொஞ்சமா. அதான் பம்ப் ஓடி ஓடி நிக்குது.
இன்னைக்கு ராத்திரி சோலார்ல இருந்து கீழ வர்ற சுடுதண்ணி பைப்ல இருக்கற கேட் வால்வ மூடி வைங்க, காலைல தொறந்து பாருங்க. சூடா வந்தா ட்யூப்லயும் டேங்க்லயும் ஒண்ணுமில்ல.

புதுமுகம்77:
எங்கூட்டுலயும் இப்படித்தான், டேங்க் மேல நிக்கற வெண்ட் பைப் வழியா சூடு போகுது, ஒரு மூடி போட்டு அடைச்சுட்டேன்

கஞ்சிக்கோடு மெக்கானிக்:
அய்யோ இப்பவே போய் கழட்டுங்க! அது மூச்சுக்கொழாய். அடைச்சா உள்ள ஆவி கட்டி டேங்க் உப்பும், கீழ தண்ணி தொறக்கறப்ப காத்து உள்ள போகாம தகரம் நசுங்கிரும். நசுங்குன டேங்க் மூணு என் கையால எறக்கியிருக்கேன். தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க.

போர்வெல் மாமா:
மிக்சர் கதை சரி. ஆனா சுண்ணாம்பும் இருக்கும், ஆறு வருசம் போர் தண்ணி ஓடியிருக்கு.

*(மூணு நாள் கழிச்சு)*

தோப்புவீட்டு மருமக:
வால்வ மூடி வெச்சோம். காலைல நல்ல சூடு. பம்ப்பும் ராத்திரி பூரா ஓடல. ட்யூப் நுனி எல்லாம் வெள்ளியாத்தான் இருக்கு, ஒண்ணு கூட மாத்தல. மாமனார்கிட்ட திருக மூடச் சொன்னா மறந்தர்றாரு, நிரந்தரமா என்ன பண்றதுங்ணா

கஞ்சிக்கோடு மெக்கானிக்:
மிக்சருக்கு வர்ற சுடுதண்ணி பைப்ல தண்ணிய ஒரே பக்கமா மட்டும் விடற நான்-ரிட்டர்ன் வால்வு ஒண்ணு போடச் சொல்லுங்க. ஸ்பிரிங் வெச்சது வேண்டாம், மாடித் தண்ணிக்கு அத தள்ளித் தொறக்கற பலம் பத்தாது, ஷவர்ல நூலா தான் வரும். உள்ள மடிப்புத் தகடு ஆடறது கேட்டு வாங்குங்க. மேல அம்புக்குறி இருக்கும், அது மிக்சர் பக்கம் பார்க்கணும். பிளம்பர் மாட்டறப்ப நீங்களும் கிட்ட நின்னு பார்த்துக்கோங்க.